நாலாவது போல்ட்

1

இந்தக் கதை என் தங்கையின் கணவர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. "மச்சான், நாலாவது போல்ட்டுக்குப் பசை போட்டேனா இல்லையானு ஞாபகம் வரல." கட்டிய மனைவியிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். அந்த நிமிடமே அந்தப் பாரம் என் தலையிலும் ஏறியது. அதை இறக்கி வைக்க எழுத்தைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

முதலில் வேறு விதமாகத் தொடங்கியிருந்தேன்: "ஆற்றின் முகத்துவாரத்தில் சூரியன் மெல்ல..." வெட்டிவிட்டேன். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

2

என் தங்கை படகோட்டி. ஆறு கடலில் சேரும் இடத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகிறாள். எஞ்சின் மாப்பிள்ளையின் பொறுப்பு. ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் படகில் வைத்த பெட்ரோல் எஞ்சின் அது. ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சாரல் புகுந்தால் இருமும், பிறகு நின்றுவிடும்.

போன மழையில் நடு ஆற்றில் நின்றது. நீரோட்டம் படகைக் கடல் பக்கம் இழுத்தது. தங்கை வீசிய நங்கூரம் ஏதோ பாறையில் மாட்டியதால் ஆட்கள் பிழைத்தார்கள். அதிலிருந்து அவள் தூக்கத்தில் கயிறு இழுக்கிறாள்.

அதனால்தான் மாப்பிள்ளை அந்தப் பல்சக்கரத்தை வாங்கி வந்தார். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கிராங்க் புல்லியில் பொருத்தும் இரும்பு வட்டு. அதில் ஒரு பல் மட்டும் வேண்டுமென்றே இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்தப் பொக்கை கடந்துபோவதைப் பக்கத்திலுள்ள சென்சார் பார்த்துச் சொல்ல, ஒரு கணினிப் பெட்டி நேரம் பார்த்து ஸ்பார்க் கொடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிப் போட்டுவிடலாம். சாரல் புகுவதற்கு இடமிருக்காது.

[கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவே நகத்தின் கனம்தான் இடைவெளி. போல்ட் தளர்ந்து சக்கரம் ஆடினால் சென்சார் உடையும். எஞ்சின் மறுபடி நடு ஆற்றில் நிற்கும். போல்ட் கழலாமல் பிடிப்பதற்குத்தான் அந்தப் பசை.]

3

துறைக் கொட்டகையில் மாப்பிள்ளை பகல் முழுக்க முதுகை வளைத்து வேலை பார்த்தார். மூன்று போல்ட்டுகளுக்குப் பசை தடவி முறுக்கியது அவருக்குக் கண்ணாடி போல் நினைவிருக்கிறது. நாலாவதை எடுத்தபோது கைப்பேசி அடித்தது. "முடிஞ்சுதா?" என்றாள் தங்கை. பேசிவிட்டு வந்து முறுக்கினார். பசை...

(பிற்பாடு அவளிடம் கேட்டேன். "நான் போனே பண்ணலண்ணா" என்றாள். மனைவி மேல் பழி போடுகிற கணவர் என்று எழுதத் தொடங்கினேன். கதைக்கும் அது சூடு பிடிக்கும். அதற்குள் அவள் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், முகம் மாறியது. பேசியிருந்தாள். பயம் அவள் நினைவையும் தின்றிருந்தது. அந்தப் பத்தியைக் கிழித்தேன்.)

4

எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. தங்கை சிரித்தாள். மழைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு மாப்பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டது.

மறுநாள் காலை துறையில் ஆட்கள் மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார்கள். அப்போதுதான் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போய் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"அவகிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை."

"சொன்னா இனிமே எஞ்சினையும் நம்ப மாட்டா, என்னையும் நம்ப மாட்டா."

ஆனால் அவள் படகின் கட்டை அவிழ்க்கக் குனிந்தபோது அவர் கால் தானாக நகர்ந்தது.

"ஒரு போல்ட்டுல சந்தேகமா இருக்கும்மா."

கயிறு கையிலேயே இருந்தது. "எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து."

"பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்டீங்க. அப்பச் சொல்றதுக்கென்ன?"

அவள் ஆட்களிடம் திரும்பினாள். "படகு லேட்டாகும். அவசரம்னா பாலத்தைச் சுத்திப் போயிடுங்க."

"நேத்து நல்லாத்தானேம்மா ஓடுச்சு?" என்றார் ஒருவர்.

"அது நேத்து."

பெல்ட்டையும் புல்லியையும் கழற்றினார்கள். [போல்ட்டில் பசை இருந்தது, எல்லாம் வீண் பயம் என்று ஒரு முறை எழுதிப்பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. பொய்.] நாலாவது போல்ட் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை போல் எளிதாகக் கழன்று வந்தது. அதன் மரை பசையின் சுவடே இல்லாமல் காய்ந்து கிடந்தது. மாப்பிள்ளை அதை மறைக்காமல் தங்கையிடம் நீட்டினார்.

தங்கை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பசைக் குப்பியை எடுத்துத் தானே ஒரு சொட்டு வைத்து போல்ட்டை அவரிடம் நீட்டினாள். "முறுக்குங்க. நானும் பாத்துட்டேன். இனி உங்க ஞாபகத்தை மட்டும் நம்பி இருக்க வேணாம்."

முதல் நடை ஆளில்லாமல் போகும் என்றாள். மாப்பிள்ளை ஏறினார்.

"இறங்குங்க."

"நான் மாட்டின சக்கரம். நானும் வரேன்."

"ரெண்டு பேரும் போனா வீட்டுல நம்ம பாப்பாவுக்கு யாரு?"

இறங்கினார்.

5

அன்று அவள் திரும்பி வந்தாள். முதல் முடிவு அது. ஆட்கள் ஏறினார்கள், சுபம். இரண்டாவது முடிவையும் தொடங்கினேன்: "நடு ஆற்றில் எஞ்சினின் சத்தம் சட்டென்று..." நான் அவளுக்கு அண்ணன். கை அதற்கு மேல் போகவில்லை.

சமையலறையில் நின்றபடியே தங்கை இந்தப் பிரதியைப் படித்தாள்.

"ரெண்டாவது முடிவ ஏன் பாதியில விட்ட?"

"எழுத வரல."

"எனக்கு தினம் வருது. கட்டு அவிழ்க்கிறப்பல்லாம் முழுசா வருது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஓட்டுறேன்."

தாள்களை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

இந்நேரம் நடு ஆற்றில் இருப்பாள். வானம் மூடிக்கொண்டு வருகிறது. மாப்பிள்ளையோடு நானும் துறையில் நிற்கிறேன்; காற்று அந்தப் பக்கம் அடிப்பதால் எங்கள் இருவருக்கும் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். முதலில் அவளைக் கரையேற்றிவிடுங்கள்.