விற்றுப்போன முகம்

சுவரக்காவுக்குக் கோபமே வராது என்று சொல்ல ஆசைதான். உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை, கண்ணுகளா. நாளுக்கு நான்கு முறை வரும். அதில் மூன்று அவள் தம்பியால் வரும். கண்காட்சி திறந்த அன்று விடிந்து பத்து மணிக்குள் நான்கையும் தம்பியே வாங்கிக்கொண்டான்.

சுவரக்கா என்பது அவளோடு வேலை செய்தவர்கள் வைத்த பெயர். சிதைந்த சுவர் ஓவியங்களை மீட்பது அவள் தொழில். மலையடியில் உள்ள பழைய புத்த விகாரையின் உள்சுவர் அவளுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. முப்பது வருடத்துக்கு முன்னால், அந்தச் சுவரிலிருந்த புத்தர் முகத்தின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை விரித்து, கோட்டுக்குக் கோடு படியெடுத்து வைத்திருந்தாள். போன வருடம் சம்மட்டியோடு வந்த ஒரு கூட்டம் அந்த முகத்தைச் சில்லுச் சில்லாக உடைத்துப் போட்டுவிட்டுப் போனது. அவள் மண்டியிட்டுப் பொறுக்கிய சில்லுகள் நாற்பத்தொரு தட்டுகளில் காத்துக் கிடக்கின்றன. அந்தத் தாளை விரித்து அதன் மேல் சில்லுகளை வைத்துப் பார்த்தால்தான் எது இமை, எது உதடு என்று தெரியும். தாள் இல்லையென்றால் அது வெறும் பூச்சுக் குப்பை.

சீரமைப்புக்குப் பணம் திரட்டத்தான் கண்காட்சி. ஓவியர்கள் தங்கள் படங்களைச் சும்மாவே தந்தார்கள். ஓடியாடி ஏற்பாடு செய்தது தம்பி. அந்த மட்டுக்கும் அவனைக் குறை சொல்ல முடியாது. அலமாரியில் மேல்தட்டில் இருக்கும் என் படங்களையும் எடுத்துக்கொள் என்று அவளே சொல்லியிருந்தாள். மேல்தட்டு என்றால் மேல்தட்டு. ஆனால் அக்கா பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தையோடு கிளம்பிவிடுவது அவன் வழக்கம். அலமாரியையே துடைத்து எடுத்துப் போயிருந்தான்.

மண்டபத்தின் கடைசிச் சுவரில், இருப்பதிலேயே நல்ல விளக்கின் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தத் தாள் தொங்கியது. மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. விற்றுப்போன படத்துக்கு ஒட்டுகிற பொட்டு. பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது: தொன்மையான எழுத்துகளுடன் கூடிய அரிய முகம். வரைந்தவர் யாரெனத் தெரியவில்லை.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு தம்பியை விரலால் கூப்பிட்டாள்.

"அது என்ன எழுத்துன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியலக்கா. அதனாலதான் தொன்மைன்னு போட்டேன்."

"என் கையெழுத்துடா அது. கோட்டுல படக்கூடாதுன்னு பின்பக்கம் பென்சில்ல எழுதினேன். முன்னாடி நின்னு பார்த்தா இடம் வலமா மாறித்தான் தெரியும்."

தம்பி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து வைத்துப் பார்த்தான். அழகாகத்தானே இருக்கிறது, இதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை வந்தது, எல்லாம் அந்த முகத்தை ஒட்டவைக்கத்தானே என்று நியாயம் பேசினான். முகத்தை விற்று முகத்தை ஒட்டவைக்கப் போகிறாயா என்று அவள் கேட்டாள். பணத்தைத் திருப்பிக் கொடு என்றாள். சாரம் கட்ட முன்பணமாகக் காலையிலேயே போய்விட்டதாம். அவன் சுறுசுறுப்பு அப்படி.

வாங்கியவர் ஒரு பல் டாக்டர். சட்டைப் பையில் எப்போதும் வாய் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. ஆசையாகப் படத்தின் முன்னால் நின்றவரிடம் அவள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நம்பாமல் அவர் கண்ணாடியை எடுத்துத் தாளுக்கு எதிரே பிடித்து, அதில் தெரிந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். மேல் உதடு, செம்மண் இரண்டு பங்கு, சுண்ணாம்பு ஒன்று. அதற்குக் கீழே: பால், சோப்பு, தம்பிக்குச் செருப்பு.

ஏமாந்துவிட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ முகம் மலர்ந்து போனார்.

"அப்போ சுவர் மேலயே வச்சு எடுத்ததா? இனி யார் கேட்டாலும் தர மாட்டேங்க."

சுவரக்கா கண்ணை மூடித் திறந்தாள். உண்மையைச் சொல்லி விலையை ஏற்றிவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல். அதற்குள் தம்பி உதவிக்கு வந்து, ஒரு நகல் எடுத்துக்கொண்டால் போச்சு என்றான். அவன் உதவி எப்போதும் அப்படித்தான் வரும்.

"நகல் எடுத்தா உதட்டோரம் ஒரு நூல் நகரும்" என்றாள் அவள், டாக்டரைப் பார்த்தபடியே. "ஒரு நூல் நகர்ந்தா அந்தச் சிரிப்பு போயிடும். புத்தர் பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பாரு. உங்களுக்குப் பரவாயில்லையா?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். அச்சிலிருந்து இன்னொரு அச்செடுத்துச் செய்த பல் செட்டு எந்த வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "தாள் என்னோடதுதான். ஆனா வேலை முடியற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானும் வந்து பார்ப்பேன்."

பார்ப்பதோடு நின்றாரா? பட்டறை மேசையில் தாளை விரித்துச் சில்லுகளை அடுக்கிவிட்டால் அப்புறம் அதைத் திருப்ப முடியாது. அதனால் கண்ணாடியைப் பிடித்துக் குறிப்புகளை வாசிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தரமும் பால், சோப்பு வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்துவார். உதட்டுப் பக்கம் சில்லு வைக்கும்போது பழக்க தோஷத்தில், கொஞ்சம் பெரிசாத் திறங்க என்பார். சுவரக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஆறாவது ஞாயிறு. உதட்டோரச் சில்லு, பட்டாணி அளவு, அவள் இடுக்கியின் நுனியில். டாக்டர் வழக்கம்போல் வாசித்துக்கொண்டே போனார். பால். சோப்பு. தம்பிக்குச் செருப்பு.

பின்னால் நின்ற தம்பி சொன்னான்: "அந்தச் செருப்பு வரவேயில்லையேக்கா."

அவளுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. ஆனால் கை அசையக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சில்லை இறக்கினாள். கோட்டோடு கோடு சேர்ந்தது. ஒரு நூல் கூட விலகவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் சுவரில் பார்த்த அதே சிரிப்பு மேசையிலிருந்து அவளைப் பார்த்தது.

இடுக்கியைப் பத்திரமாக ஓரத்தில் வைத்தாள். கையைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் தம்பியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.