‘பார்த்தேன்’ என்று வந்த கோப்பு

கோப்பு ‘முடிந்தவை’ அலமாரியில் கிடந்தது. வசித்தி அதை வெடுக்கென்று உருவினாள். முடிந்ததா? என்ன முடிந்தது? யாருக்கு முடிந்தது?

தலைநகர் சூவாவில், அமைச்சகத்தின் கோப்புப் பிரிவில் அவள் கிளார்க். சொந்த ஊர் லாவ் தீவுகளில் ஒன்று. அந்தத் தீவில் நோயாளிகளை ஏற்றிப்போகும் நர்சின் படகு இஞ்சின் செத்துப் போய் மழைக்காலமே கடந்துவிட்டது. புது இஞ்சின் வந்து துறைமுகத்தில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. செயலர் கையெழுத்திட்ட கடிதம் போனால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். கப்பல் இன்று மத்தியானம் புறப்படுகிறது, அதை விட்டால் அடுத்த மாதம்தான். அதற்குள் தங்கை லோசனாவுக்குப் பிரசவமாகிவிடும். போன தடவை பிள்ளை போனதே, நேரத்துக்குப் படகு ஓடாததால்தான்.

சொந்தக் கதையைக் குறிப்பில் எழுதக் கூடாது. அதனால் போன வாரம் வசித்தி முதல் குறிப்பை முறைப்படிதான் எழுதினாள்: இஞ்சின் வந்துள்ளது, கடிதம் வேண்டும், வரைவு இணைப்பில். கோப்பு மேசை மேசையாக மேலே ஏறியது. ‘தங்கள் பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது’ என்றது இரண்டாம் குறிப்பு. மூன்றாவதும் அதேதான், நான்காவதும் அதேதான். ஒருத்தராவது ‘சரி’ என்றோ ‘கூடாது’ என்றோ எழுதினாரா? மூச்! பெரியவரிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று நேராகச் சொல்ல இந்த ஊரில் யாருக்கு வாய் வரும்? செயலர் கலிவத்தியும், பார்வைக்குத்தானே அனுப்பியிருக்கிறார்கள் என்று ஐந்தாம் குறிப்பில் ‘பார்த்தேன்’ என்று எழுதிவிட்டார். பார்த்தாயிற்று என்றால் கோப்பு முடிந்தது. நேராக அலமாரி.

“அபோரோசா அண்ணே! இதப் பாத்தீங்களா? பார்த்தேனாம்! சினிமாவா பாத்தாரு?”

தலைமை கிளார்க் அபோரோசா தேங்காய்ப்பால் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“கத்தாதம்மா. மறுபடி குறிப்பு எழுது. நான் பாத்து மேல அனுப்புறேன்.”

“மறுபடி நாலு மேசையா? கப்பல் போயிடும்ணே!”

“அதுக்காக? மேசையத் தாண்டிப் போற பழக்கம் இந்த ஆபீஸ்ல கிடையாது.”

“லோசனாவுக்கு நாள் நெருங்குதுண்ணே.”

பன் டீக்குள் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. லோசனாவின் முதல் பிள்ளை இறந்த துக்கத்துக்கு வழக்கப்படி பாய் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

“செயலர் அறைக்குள்ள நாமளா போக முடியாதும்மா. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.”

மரியாதை! அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் வசித்திக்குப் பொறி தட்டியது. அவள் ஊரும் செயலரின் ஊரும் தௌவு. இரண்டுக்கும் ஒரே மூதாதைத் தெய்வம். தௌவு ஊர்க்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஒருவரை ஒருவர் வாரலாம், தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்னலாம். கோபப்பட்டவர் தோற்றவர். வெள்ளிக்கிழமை மாலை பாய் விரித்து யங்கோனா பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தால் செயலரை அவள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள், அவரும் சளைக்க மாட்டார். ஆனால் அதெல்லாம் பாயில் உட்கார்ந்திருக்கும்போது. மேசையில் அவர் செயலர், இவள் கிளார்க். தௌவை யாரும் கோப்புக்குள் கொண்டுவந்ததில்லை.

இன்றைக்குக் கொண்டுவந்தால் என்ன? வேலை போனால் போகட்டும்!

பேனாவை எடுத்தாள், மளமளவென்று எழுதினாள். அபோரோசா எட்டிப் பார்த்து, “ஐயோ, மையில எழுதுறியே! கிழிக்கக்கூட முடியாதே, பக்கத்துக்கு எண் போட்டாச்சே!” என்று அலறுவதற்குள் கோப்போடு மாடிப்படி ஏறிவிட்டாள்.

அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. டை கட்டிய நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வசித்தி கோப்பைச் செயலர் முன்னால் விரித்து வைத்தாள். கலிவத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘குறிப்பு 6. பார்த்தேன் என்றால் எதைப் பார்த்தீர்கள்? உங்கள் ஊரார் வலையில் விழுந்த மீனையும் அழுகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது போதும். கப்பல் மத்தியானம் கிளம்புகிறது. கையெழுத்துப் போடவும். – உங்கள் தௌவு.’

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செத்தோம் என்று நினைத்தாள். அடுத்த நொடி அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மேசைமேல் இருந்த தண்ணீர் தளும்பியது!

“அடிப்பாவி! கோப்புலயேவா?”

“முறைப்படி எழுதினா உங்க கண்ணுல ஏறலியே சார்!”

கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. கோப்பில் விறுவிறுவென்று ஏழாம் குறிப்பும் விழுந்தது: ‘அனுமதிக்கப்பட்டது. குறிப்பு 6 எழுதியவரின் ஊருக்கு இஞ்சின் எதற்கு? அவ்வூர்ப் பெண்கள் வாயைத் திறந்தாலே படகு ஓடுமே.’

வசித்தி தடதடவென்று கீழே ஓடிவந்தாள். அபோரோசா அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்து, எண்ணைப் போட்டு, முத்திரையைக் கையில் பிடித்தபடி தயாராக நின்றுகொண்டிருந்தார்! கடிதம் வருமுன்னே எண் கொடுத்தவரை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. “பேசாத, ஓடு!” என்று முத்திரையைக் குத்திக் கொடுத்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கப்பலின் பலகையை இழுக்கப் போகிற நேரத்தில் இஞ்சின் பெட்டி உள்ளே போனது.

அடுத்த கப்பலில் லோசனாவைப் பற்றி நர்சின் கடிதம் வந்தது. வசித்தி முறைப்படி பதிந்து, கோப்பில் சேர்த்து, எட்டாம் குறிப்பு எழுதினாள்: ‘பிரசவம் சிக்கலாகி, படகில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். தாயும் பெண் குழந்தையும் நலம். தங்கள் பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.’

கோப்பு மேசை மேசையாக மேலே போய்க் கீழே வந்தது. பிரித்துப் பார்த்தாள். அபோரோசா, ‘பார்வைக்கு’ என்பதைத் தவிர எதுவும் எழுதியறியாத மனிதர், ஒன்பதாம் குறிப்பில் எழுதியிருந்தார்: ‘ரொம்ப சந்தோஷம். குழந்தைக்கு என்ன பெயர்?’ அடுத்த இரண்டு மேசைகளும் ‘நானும் அறிய விரும்புகிறேன்’ என்று எழுதியிருந்தன. கடைசியில் செயலர்: ‘பார்த்தேன். பதில் எங்கே?’

வசித்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதின்மூன்றாம் குறிப்பை எழுதி, கோப்பை அபோரோசாவின் மேசையில் வைத்தாள்.

‘பெயர் இன்னும் வைக்கவில்லை. தங்கள் அனைவரின் மேலான உத்தரவுக்கு.’