இஞ்சி இல்லாத சொதி

நூத்தம்பது பேரு எலை போட்டு ஒக்காந்திருக்காங்க. நீங்கதான் சமையல். அண்டாவத் தெறந்து பாத்தா சொதி திரிஞ்சு கெடக்கு. என்ன செய்வீங்க?

சுகிர்தா ஓடிட்டா. அதுல ஒளிக்க என்ன இருக்கு, நடந்தது அதான். பாளையங்கோட்டையில ஒரு மண்டபம், அவளுக்கு அதான் மொத கல்யாணச் சமையல். பின்வாசலத் தாண்டுனா ஒரு ஆட்டோ. ஏறி ஒக்காந்து பஸ் ஸ்டாண்டு வந்து, அங்க இருந்து விக்கிரமசிங்கபுரம் வந்து, வீட்டுக் கதவச் சாத்திட்டுப் படுத்துட்டா. அங்கன நின்னு அத்தன ஏச்சையும் வாங்குனது அவ மைனி கோமு. அண்ணன் பொண்டாட்டி. கூடமாட ஒத்தாசைக்குன்னு போனவ.

எங்க பக்கத்து சைவ வீட்டுக் கல்யாணத்துல, தாலி கட்டுன மறுநாள் மத்தியானம் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்குச் சொதி போடணும். சாம்பாரு, ரசம் ஒண்ணும் கெடையாது. தேங்காப்பால்ல காய்கறியப் போட்டு வச்ச சொதி, தொட்டுக்கிட இஞ்சிப் பச்சடி, உருளக்கெழங்குப் பொரியல், அவ்வளவுதான். அவ்வளவுதான்னு சொல்லுறது லேசு. அன்னைக்கி சொதி சரியா அமையலன்னா, பேரன் பொறந்து அவன் பள்ளிக்கூடம் போறவரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது.

எட்டு நாளு கழிச்சுத்தான் கோமு வந்தா. சுகிர்தா தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னா.

"இங்க பாரு," கோமு சொன்னா. "அடுத்த மட்டம் ஓடுனா என்னையும் கூட்டிட்டு ஓடு. நான் ஒத்தையில நின்னு ஏச்சு வாங்க மாட்டேன் பாத்துக்கோ."

"அடுத்த மட்டம்லாம் இல்ல மைனி. நான் பேசாம ஏதாவது ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிருதேன்."

"போ. அங்கயும் சேலைய மடிக்கத் தெரியாம ஓடி வா."

அந்தப் பேச்சு சுகிர்தாவுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவளுக்குச் சமைக்கத் தெரியாம இல்ல. வீட்டுல இருவது வருசமாச் சொதி வைக்கா. ஒரு நாளும் திரிஞ்சதில்ல. மூணாம் பால்ல காய வேக வச்சு, ரெண்டாம் பாலை ஊத்திக் கொதிக்க விட்டு, அடுப்ப அணைச்சிட்டு, மொதப் பாலை ஊத்துவா. கெட்டியா எடுத்த மொதப் பாலு கொதிக்கக் கூடாது, கொதிச்சாத் திரிஞ்சிரும். பாளையங்கோட்டையிலயும் அப்படித்தான செஞ்சா? அடுப்ப அணைச்சிட்டுத்தான ஊத்துனா? பொறவு ஏன் திரிஞ்சுது?

யாருகிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. தெருவுல அவளுக்குப் பேரே மாறிப் போச்சு. கொழாயடிக்குப் போனா, "திரிஞ்ச சொதி வாரா, வழி விடுங்கட்டி"ன்னு ஒருத்தி சொல்ல, மத்தவள்லாம் சிரிப்பாளுக. சுகிர்தா கொடத்த நெறச்சுக்கிட்டுப் பேசாம வந்திருவா.

ஒரு நாளு கோயில் அண்டாவ ரெண்டு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி, கொல்லையில அடுப்பு மேல வச்சா. தேங்கா வாங்க வழி இல்ல. அதனால வெறும் தண்ணிய ஊத்திக் கொதிக்க விட்டா. தளபுளன்னு கொதிச்சதும் அடுப்ப அணைச்சா. செல்லுல மணியப் பாத்துக்கிட்டுப் பக்கத்துலயே நின்னா. வீட்டுச் சட்டின்னா அணைச்ச மறு நிமிசம் அடங்கிரும். அண்டா அடங்கல. ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டு ஆச்சு, அடியில இருந்து முட்டை முட்டையா வந்துக்கிட்டே இருக்கு. அது அடங்கப் பதினோரு நிமிசம் ஆச்சு.

"அட சண்டாளா!"ன்னு அண்டாவப் பாத்துச் சொன்னா சுகிர்தா. அவ்வளவு பெரிய பாத்திரம், அடுப்ப அணைச்சப் பொறவும் தன் சூட்டுல தானே கொதிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அவ அதுல மொதப் பாலைக் கொண்டு ஊத்தியிருக்கா.

அதுக்கு ஒரு வழியும் அவளே கண்டுபிடிச்சா. மொதப் பாலை அண்டாவுலயே ஊத்தக் கூடாது. பரிமாறுத வாளியில சொதிய மோந்து, சூடு தணிஞ்சதும் வாளி வாளியாக் கலக்கணும். வேலை கூடத்தான். ஆனா ஒரு வாளி கெட்டா ஒரு வாளியோட போகும்.

சேரன்மாதேவியில இருந்து குமரகுருபரன் அண்ணாச்சி போன் பண்ணுனப்போ, இதச் சொல்லாம இருக்க அவளுக்கு மனசு வரல. அவரு மின்வாரியத்துல இருந்து ரிட்டயர்ட் ஆனவரு. மகளுக்குக் கல்யாணம். பேசி வச்சிருந்த சமையக்காரரு கால ஒடிச்சுக்கிட்டாரு.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில எங்கையால சொதி திரிஞ்சு போச்சு. தெரிஞ்சுக்கிட்டுப் பொறவு சொல்லுங்க."

அண்ணாச்சி போன வச்சிரல.

"எதனாலம்மா திரிஞ்சுது?"

பதினோரு நிமிசக் கதையச் சொன்னா.

"சரி, நீயே வா. மத்தவனுவன்னா தேங்கா மேல பழியப் போடுவானுவ."

அந்த நாளும் வந்துச்சு. விடியுறதுக்கு முன்னாடியே சுகிர்தாவும் கோமுவும் மொத பஸ்ஸப் பிடிச்சு, ஆறரைக்கெல்லாம் மண்டபத்துல எறங்கிட்டாங்க. மளிகை, காய்கறி எல்லாம் அண்ணாச்சி எறக்கி வச்சிருந்தாரு. இஞ்சி மட்டும் சுகிர்தாவே அம்பாசமுத்திரத்துல பாத்துப் பொறுக்குனது, ரெண்டு கிலோ, நாரில்லாத எளசு. எறங்குனதுல இருந்து அவளுக்குப் பாலு நெனப்புத்தான். தேங்கா ஒடைச்சாச்சா, துருவியாச்சா, பிழியுத துணி அலசியாச்சா. இதுலயே மணி பத்தரை ஆயிட்டு.

"ஏட்டி," கோமு கூப்பிட்டா. "இஞ்சிப் பை எங்க?"

"உங்க கையிலதான மைனி குடுத்தேன்?"

"எங்கையில எங்க குடுத்த? சீட்டுக்கு அடியிலதான வச்ச?"

ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தரு பாத்தாங்க. அந்த பஸ்ஸு திருநெவேலிக்குப் போயி மூணு மணி நேரம் ஆச்சு.

இஞ்சிப் பச்சடி இல்லாம சொதி போடுறது சும்மா காரியம் இல்ல. தேங்காப்பாலு வயித்துல கனமா நிக்கும், இஞ்சிதான் அதச் செரிக்க வைக்கும். அது இல்லன்னா, எங்க வயித்தப் பத்தி இவங்களுக்கு அக்கறை இல்லன்னு மாப்பிள்ளை வீட்டுல எடுத்துக்கிடுவாங்க. காய்கறிக் கடைக்கு ஆள் விட்டா, நேத்து முகூர்த்தத்துக்கே இஞ்சி தீந்துட்டாம், சாயங்காலம்தான் சரக்கு வருமாம்.

"பேசாம மாங்காயில ஒரு பச்சடி வச்சிருவோம்," கோமு குசுகுசுன்னு சொன்னா. "யாரு கேக்கப் போறா?"

"மாப்பிள்ளை வீடு தென்காசிக்காரவ மைனி. கேக்காம விடுவாவளா?"

 சுகிர்தாவுக்குக் காலு தன்னால வாசலப் பாத்துத் திரும்புச்சு. இந்த மண்டபத்துக்கும் பின்வாசல் இருந்துச்சு. அவ முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு விறுவிறுன்னு அது வழியா வெளிய போனா.

"ஏட்டி! மறுபடியுமா?" கோமு கரண்டியோட ஓடி வந்தா.

"இஞ்சிக்குப் போறேன் மைனி! கிரைண்டர நிப்பாட்டுங்க. நான் வாறவரைக்கும் தேங்கா அரைக்க வேண்டாம், நேரம் ஆனா பாலு புளிச்சிரும்!"

மண்டபத்துக்குப் பின்னால ஒரு டீக்கடை. கல்லாவுல மைதீன் பாத்திமா. இஞ்சி டீக்குத் தட்டிப் போட அவ வாங்கி வச்சிருக்கது சாக்குல இருந்துச்சு, ஒரு கிலோ தேறும்.

"அக்கா, அந்த இஞ்சி பூராவும் எனக்கு வேணும்."

"பூராவுமா? சாயங்காலம் வாறவனுக்கு நான் என்னத்தத் தட்டிப் போட, செங்கல்லையா?"

"மறுவீட்டுச் சொதிக்கு அக்கா. இஞ்சிய பஸ்ஸுல விட்டுட்டேன்."

பாத்திமா அவள மேலயும் கீழயும் பாத்தா. "நீதான் சமையலா? நல்லாச் சமைச்ச போ. எடுத்துக்கோ. காசு பொறவு பாப்போம். ஒரு தூக்குச்சட்டி சொதி மட்டும் குடுத்து விட்டிரு, என்ன?"

ஒரு கிலோ கெடச்சுது. ரெண்டு கிலோ இருக்க வேண்டிய எடம். சீவி நறுக்க அர மணி நேரம், பச்சடி வத்தி வர முக்கா மணி நேரமாவது வேணும். மணி பதினொண்ணேகால் ஆயிட்டு, பந்தியோ பன்னெண்டுக்கு. கோமுகிட்ட இஞ்சியக் குடுத்துட்டு, சுகிர்தா மொகத்தக் கழுவுனா. நேரா முன்னால, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒக்காந்திருந்த எடத்துக்குப் போனா. குமரகுருபரன் அண்ணாச்சி எந்திரிச்சு, "என்னம்மா?"ன்னாரு. மாப்பிள்ளையோட அம்மா பிருந்தா விசிறிக்கிட்டு இருந்தாங்க.

"அம்மா, நான்தான் சமையல். பேரு சுகிர்தா. இஞ்சிப் பைய பஸ்ஸுல விட்டுட்டேன். தப்பு என்னுது, பொண்ணு வீட்டுக்காரவளச் சொல்லாதீங்க. இப்பத்தான் இஞ்சி கெடச்சிருக்கு. ஒரு அர மணி நேரம் பிந்தும், பொறுத்தீங்கன்னா பச்சடியோட போடுதேன். பொறுக்க முடியாதுன்னா பன்னெண்டுக்கே போடுதேன், பச்சடி இருக்காது."

 மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தரு சேர்ல இருந்து கேட்டாரு. "சொதி இருக்கா, இல்ல அதையும் பஸ்ஸுலயே விட்டாச்சா?"

சிரிச்சாங்க.  சுகிர்தா நின்ன எடத்த விட்டு நகரல. "சொதி இருக்கு அண்ணாச்சி"ன்னா. "அது மண்டபத்துக்கு வந்துட்டு."

இப்பச் சிரிச்சது பொண்ணு வீட்டுக்காரங்க.

"நான் சுகர் மாத்திரை போட்டாச்சே," பிருந்தாம்மா சொன்னாங்க. "அவ்வளவு நேரம் தாங்க மாட்டேன்."

காலையில மிஞ்சுன இட்லி ரெண்ட எடுத்து, சட்னி வச்சு, சுகிர்தாவே கொண்டு வந்து குடுத்தா. அந்தம்மா வாங்கிக்கிட்டாங்க. பொறுக்கோம்னும் சொல்லல, போடுன்னும் சொல்லல. தின்னுக்கிட்டே கைய மட்டும் போன்னு ஆட்டுனாங்க.

பன்னெண்டரைக்கு எலை விழுந்துச்சு. வாளி வாளியா மோந்து, சூட்ட வெரல வச்சுப் பாத்து, மொதப் பாலைக் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டா சுகிர்தா. மூணு வாளி. ஆறு வாளி. ஒண்ணு கூடத் திரியல. ஒவ்வொரு வாளியா வெளிய போறப்போ கோமு, "போ ராசா, பையப் பையப் போ"ன்னு வாளிகிட்டப் பேசுனா.

மொதப் பந்திக்குப் பச்சடி சரியா இருந்துச்சு. ரெண்டாம் பந்தியில பாதியிலயே தீந்துட்டு. பரிமாறுதவங்க கைய விரிச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க. சுகிர்தாவே வெளிய போயி, வரிசை வரிசையா நின்னு, "பச்சடி தீந்துட்டு, மன்னிச்சுக்கிடுங்க"ன்னு சொன்னா. நெறையப் பேரு பரவாயில்லன்னாங்க. ஒருத்தரு மட்டும் எலைய மூடி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்த மூடுன எலை அவ கண்ணு முன்னால கெடந்துச்சு. பக்கத்து எலைக்காரரு, "எனக்குச் சொதி வேணும்"னாரு. வாளிய வாங்கி அவருக்கு ஊத்துனா.

கை கழுவப் போன பிருந்தாம்மா அடுக்களைப் பக்கம் எட்டிப் பாத்தாங்க.

"பச்சடியில புளி தூக்கல்."

"ஆமாம்மா. இன்னும் கொஞ்சம் வத்தியிருக்கணும். அவசரத்துல எறக்கிட்டேன்."

"ம்." அந்தம்மா நின்னாங்க. "சொதி மிச்சம் இருந்தா ஒரு தூக்குல ஊத்தி வை. ஊருக்குக் கொண்டு போகணும்."

போற வழியில டீக்கடைக்கு ஒரு தூக்கு குடுத்துட்டு, ரெண்டு பேரும் சாயங்கால பஸ்ஸுல ஏறுனாங்க. கோமு செருப்பக் கழட்டிட்டுக் கால நீட்டுனா.

"எலைய மூடுனானே ஒருத்தன், அவன் மொகத்தப் பாத்தியா? இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி இருந்தான்."

"அவருக்குத்தான் இஞ்சியே கெடைக்கலயே மைனி."

கோமு சிரிச்ச சிரிப்புல முன்சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு. சுகிர்தா சன்னல் பக்கமாத் திரும்பி ஒக்காந்தா. கை பூரா தேங்காப்பால் பிசுபிசுத்துச்சு. மூடுன எலை இன்னும் மனசுல உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அத நெனச்சுக்கிட்டே, அடுத்த மட்டம் பச்சடிய மொத நாளே கிண்டிக் கொண்டு வந்திரணும்னும் நெனச்சா. அது ஒரு வாரம் கெடாதே.

மறுநாள் காலையில அவளுக்கு ரெண்டு போன் வந்துச்சு. அம்பாசமுத்திரத்துல முன்னூறு பேருக்குச் சமைக்கணும்னு ஒண்ணு. பச்சடி தீந்த சேதி வந்துச்சு, அடுத்த மாசம் பேசி வச்சிருந்த வளைகாப்புக்கு வேற ஆளப் பாத்துட்டோம்னு இன்னொண்ணு. ரெண்டு பேருகிட்டயும் சரின்னு சொல்லிட்டு, சுகிர்தா தண்ணி பிடிக்கப் போனா.