மூன்றாம் ரகம்

என் வேலை என்னவென்று மாமாவுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, பத்துத் தடவையாவது விளக்கியிருப்பேன். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நாற்பது கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நம்பிக்கொண்டு ஓட வேண்டும். ஒன்று மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பதற்குத் தெரியக்கூடாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "ஆக மொத்தம், இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுறதுக்கு உனக்குச் சம்பளம். கொடுத்து வச்சவன்டா மாப்ள."

எங்களுடையது காப்பீட்டு நிறுவனம். நான்கு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு மேசைக்கடியிலும் தூசி தின்றுகொண்டு ஒரு பழைய கம்ப்யூட்டர். அத்தனையையும் தூக்கிவிட்டு, ஆளுக்கொரு கையடக்கப் பெட்டியும் திரையும் மட்டும் கொடுத்து, எல்லோருடைய கம்ப்யூட்டரையும் கீழ்த்தளத்து சர்வர் அறைக்குள் ஓட வைப்பதுதான் திட்டம். சுற்றறிக்கையில் அதற்கு 'மெய்நிகர் மேசைக்கணினித் திட்டம்' என்று பெயர். நாக்குச் சுளுக்காமல் அதைச் சொல்லிக் காட்டுங்கள் என்று மூன்றாம் மாடியில் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

திட்டத்தின் தலைவர் நிர்வாக மேலாளர். அலுவலகமே அவரைச் சித்தப்பா என்றுதான் சொல்லும். யாருக்கும் அவர் உறவில்லை. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார், எதிரில் வருபவர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் மறுவார்த்தை பேசுவார். அப்படி வந்த பெயர். நானும் ஒன்பது வருஷம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவன்தான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

வேலை கேட்டு என்னை அவரிடம் கூட்டிப் போனது அக்கா. மூன்றாம் மாடியில் இறப்புப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். யாராவது இறந்துபோனால் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து என்னென்ன காகிதம் வேண்டுமென்று கேட்கிற வேலை. பாதி நேரம் எதிர்முனையில் அழுகைதான் வரும். அக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சரிம்மா, அழுங்க, நான் இருக்கேன்" என்று காத்திருப்பாள். மாமா எலக்ட்ரீஷியனாக இருந்து ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து, அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான்.

சட்டை தைக்குமுன் அளவெடுப்பது மாதிரி, சர்வர் வாங்குமுன் நாங்களும் அளவெடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு மெமரி வேண்டும், எவ்வளவு நேரம் மெஷினைப் போட்டு வாட்டுகிறார்கள் என்று தெரியாமல் வாங்கினால் ஒன்று பற்றாது, இல்லை வீணாகும். அதற்காக எல்லா மெஷினிலும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டு நான்கு வாரம் ஓடவிட வேண்டும். விஷயம் வெளியே வந்ததும் மாடி முழுக்க அதையே மென்றார்கள். தம்பி வேவு பார்க்கப் போகிறான், கழிப்பறைக்குப் போவதைக்கூட எண்ணப் போகிறான் என்று பேச்சு.

சித்தப்பா என்னையும் அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இது மெமரி கணக்குக்கு மட்டும்தான். வேற எதுக்கும் போகாது. நான் சொன்னா நம்பமாட்டாங்க, நீ சொன்னா நம்புவாங்க" என்றார் அக்காவிடம். அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"என் தம்பிதான் போடுறான். மெஷினை அளக்கத்தான், நம்மள அளக்க இல்ல. ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க, நான் பொறுப்பு."

அதற்கப்புறம் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. அக்காவின் சொல்லுக்கு அந்த மாடியில் அவ்வளவு மதிப்பு.

நான்கு வாரம் முடிந்ததும் அறிக்கை தயாரித்தேன். மெஷின்களை மூன்று ரகமாகப் பிரிப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். நாள் பூராவும் மெஷினைப் பிழிகிறவர்களுக்கு முதல் ரகம். சராசரி ஆட்களுக்கு இரண்டாம் ரகம். திரை பெரும்பாலும் சும்மா இருந்தால் மூன்றாம் ரகம், அதாவது சின்ன மெஷின் போதும். ரகம் என்பது ஆளுக்கல்ல, ஆளுக்குக் கொடுக்கப்போகிற மெஷினுக்கு. இதை ஊன்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் அறிக்கையில் ஊன்றி எழுதவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் எழுதுவதில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிடுவோம்.

அக்காவின் மெஷின் நாளில் பதினொரு சதவீத நேரம்தான் அசைந்திருந்தது. மீதி நேரம் அவள் தொலைபேசியில் யாரோ ஒருவரின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அது என் புரோகிராமுக்குத் தெரியாது. சொந்த அக்காவென்று பாரபட்சம் பார்த்ததாகப் பேச்சு வரக்கூடாதே என்று, ஒரு நொடிகூடத் தயங்காமல் மூன்று என்று போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

என் முதல் அறிக்கையில் மேசை எண்கள்தான் இருந்தன, பெயர் இல்லை. சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் குடுக்கறப்ப யாருக்கு எதுன்னு குழப்பம் வரும் தம்பி. பக்கத்துல பேரையும் போட்டுடு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பெயர்களைச் சேர்க்கப் பத்து நிமிஷம் ஆனது. கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

மூன்று மாதத்தில் திட்டம் முடிந்தது. ஒரு மெஷின்கூட மக்கர் பண்ணவில்லை. சித்தப்பா எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் கொள்ளாத சிரிப்பு.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பத்தொரு பேருக்குக் கடிதம் வந்தது. பயன்பாட்டு ஆய்வின் அடிப்படையில் தங்கள் பணியிடம் நீக்கப்படுகிறது, வெள்ளிக்கிழமை கடைசி நாள். கூடவே ஆதாரமாக ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். என் அறிக்கையின் பக்கம். மூன்றாம் ரகத்தில் மொத்தம் முப்பத்து நான்கு பேர் இருந்தார்கள். தப்பிய மூவரில் ஒருத்தி சித்தப்பாவின் மச்சினி. அக்கா தப்பவில்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சித்தப்பாவின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"வா தம்பி. சாப்பிட்டியா?"

"சார், இது மெஷினுக்குப் போட்ட கணக்கு. ஆளுக்குப் போட்டது இல்ல. வேற எதுக்கும் போகாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். அப்ப அதுதான் எண்ணம். மேலிடத்துல ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்க. எதை வச்சுக் குறைக்கறது? எனக்குப் பிடிச்சவன் பிடிக்காதவன்னு பாக்கவா? கையில ஒரு கணக்கு இருந்துச்சு, எடுத்தேன்."

"எங்க அக்கா பேரு இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் அவ்வளவு பாசம். "பார்த்தேன். சொந்த அக்கான்னு தெரிஞ்சும் நீ மூணுன்னு போட்டிருக்க. அந்த நேர்மையை நான் கெடுக்கலாமா?"

ஒன்பது வருஷம் இந்த மனுஷனுக்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து சர்வரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். என் கையாலேயே என் அக்காவின் கண்ணைக் குத்த வைத்துவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரும் வைக்கிறார். அவர் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து வீசத் தோன்றியது. வீசவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்தால் ஏதாவது நக்கல் அடிக்காமல் இருக்கமாட்டார். அன்று, "வா மாப்ள" என்று மட்டும் சொன்னார். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள், நிமிராமல்.

"சத்தியமா தெரியாது அக்கா."

"சரி. நம்புறேன்." ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்தாள். "காலையிலேர்ந்து பதினாலு பேர் போன் பண்ணிட்டாங்க. நீங்கதானே பொறுப்புன்னு சொன்னீங்கன்னு கேக்குறாங்க. நான் என்னடா சொல்லுவேன்?"

சட்டையை அடுக்கின்மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ மேலிடத்துக்கு எழுது. இது மெஷினுக்கு எடுத்த அளவு, எங்க வேலையை அளந்தது இல்ல, அப்படிச் சொல்லித்தான் எங்ககிட்ட சம்மதம் வாங்கினாங்கன்னு எழுது. அளந்தவனே சொன்னா கேட்டுத்தானே ஆகணும்? எனக்காக இல்லேன்னாலும் அந்த முப்பது பேருக்காக எழுது."

"நாளைக்குக் காலைல அனுப்பிடறேன்."

"வேலை போயிடும்டா."

"போனா போகட்டும்."

சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் கடிதத்தை எழுதியும் முடித்தேன். ஒரு பக்கம். பிறகு ஒரு சொல்லை மாற்றினேன். இன்னொரு வரியை எடுத்தேன், திரும்பச் சேர்த்தேன். மதியம் மனைவிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "அனுப்பணும்னா அனுப்புங்க. பொண்ணு ஸ்கூலு இருக்குங்கறத மட்டும் மறந்துடாதீங்க" என்றாள். அவள் தடுக்கவில்லை, நானே தள்ளிப்போட்டேன். ஒரு நாள்தானே, நாளைக்கு இன்னும் தெளிவாக எழுதலாம் என்று மனசு சமாதானம் சொன்னது. உண்மையில் பயம், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அனுப்பினேன். நிர்வாக இயக்குநருக்கும் அவருக்கு மேலே இருந்த குழுவுக்கும். அனுப்பியதும் உடம்பே இலேசானது. வருவது வரட்டும், அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியும் என்றிருந்தது.

வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். சித்தப்பாவும் மனிதவள அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் என் கடிதத்தின் நகலை எனக்கு முன்னால் வைத்தார்.

"மெமரி கணக்குக்கு மட்டும்னு சொல்லி ஊழியர்கள்கிட்ட சம்மதம் வாங்கினதா எழுதியிருக்கீங்க. அதுக்கு யார் சாட்சி?"

"எங்க அக்கா. சாப்பாட்டு ரூம்ல எல்லார் முன்னாடியும் எழுந்து சொன்னது அவங்கதான்."

சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மாள் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். நாலே வரி. 'ஆய்வு தொடங்கும் முன்பே, பணியிட மதிப்பீட்டுக்கும் இது பயன்படலாம் என்று ஊழியர்களிடம் நானே தெரிவித்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.' கீழே அக்காவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி, அதற்கடியில் ஒரு புள்ளி வைப்பாள். அதே வால், அதே புள்ளி. பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி.

"நிர்வாகத்தின் மேல பொய்யான புகார் குடுத்ததுக்கு விசாரணை இருக்கும். அது முடியற வரைக்கும் நீங்க வேலைக்கு வர வேண்டாம். சர்வர் அறை சாவியையும் கார்டையும் குடுத்துடுங்க."

கொடுத்தேன். வெளியே வரும்போது மேசையில் கிடந்த பட்டியல் கண்ணில் பட்டது. முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று திருத்தியிருந்தார்கள்.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அக்கா அவளுடைய மேசையில்தான் இருந்தாள். அப்போதுதான் ஒரு அழைப்பை முடித்துவிட்டு ரிசீவரை வைத்தாள். சுற்றிலும் அட்டைப் பெட்டிகளில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மேசையில் மட்டும் பெட்டி இல்லை.

"எழுதச் சொன்னது நீதானே அக்கா?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவாப் பேசணும்? எழுதச் சொன்னியா இல்லையா?"

அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் சித்தப்பா கூப்பிட்டாரு. கையெழுத்துப் போட்டா பேரை எடுத்துடறேன்னாரு. எனக்கு அம்பத்தொரு வயசுடா. மாமா நிலைமை உனக்குத் தெரியும். உன்னை எங்க வேணா எடுத்துப்பாங்க, என்னை யாரு எடுப்பா?"

"அதுக்காக? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அனுப்பாம இருந்திருப்பேனே. என்னை அனுப்ப விட்டுட்டு நீ பாட்டுக்கு உக்காந்திருக்க."

சித்தப்பா என்னைக் கவிழ்த்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் கடைசியில் ஊரார்தான். இவள் என் கூடப் பிறந்தவள். என் பள்ளிக்கூடப் பைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தவள், இந்த வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள். அவள்மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் வாயிலேயே போட்டிருப்பேன்.

அக்கா அழவில்லை. பொய் சொல்லவும் முயலவில்லை.

"காலைல அனுப்பிடறேன்னு சொன்ன. பத்து மணி ஆச்சு, பன்னெண்டு ஆச்சு, உன்கிட்டேர்ந்து ஒரு போன்கூட இல்ல. ஒரு மணிக்கு அவரு கூப்பிட்டாரு" என்றாள். "நீ அனுப்புவேன்னு நான் நினைக்கவே இல்லடா."