நாஷிதா நீந்திய சுற்று

போட்டிக்கு அழைக்கும் அறையில் நாஷிதா துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசி குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாலத்தீவில், சுற்றுலா விடுதியொன்றின் சலவைக்கூடத்தில், இஸ்திரி ஆவிக்கு நடுவே நின்று பழகிய உடம்பு.

வாசல் கயிற்றுக்கு அப்பால் ரிஃபாத் நின்றிருந்தார். ஊரில் படகோட்டி, இங்கே அவளுடைய பயிற்சியாளர்.

"முதல் சுற்றுல நம்மள மாதிரி குட்டி நாட்டுக்காரங்களத்தான் போடுவாங்க. கூட்டம் காப்பி குடிக்கப் போயிரும். அதக் கண்டுக்காத."

"குடிக்கட்டும் அண்ணே. எனக்கு அந்தச் சுவரு ஒண்ணுதான் பயம்."

கடலில் ஏது சுவர்? விடுதியில் நீச்சல்குளம் இருந்தது, விருந்தினருக்கு. அவள் வேலை முடிந்ததும் கடலில்தான் நீந்தினாள். போட்டிக் குளத்தில்போலச் சுவரை உதைத்துத் திரும்பிப் பழக, படகுத்துறைச் சுவரை உதைப்பாள். அதில் ஒட்டியிருந்த சிப்பிகள் குதிகாலைக் கிழிக்கும். மறுநாள் ஈரத்தரையில் நொண்டிக்கொண்டே விரிப்புகளை மடிப்பாள்.

உலகப் போட்டி என்று விடுப்பு கேட்டபோது, மேற்பார்வையாளர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சீசன் நேரம். போனா போனதுதான். உன் எடத்துல வேற ஆள் நிப்பாங்க."

அவள் கிளம்பி வந்துவிட்டாள்.

பெயரைச் சொன்னார்கள். பாதி இருக்கைகள் காலி. ஒலி எழுந்ததும் பாய்ந்தாள். உப்பில்லாத தண்ணீர் கடல்போலத் தாங்கவில்லை; இடுப்பு தாழ்ந்தது. பக்கத்துப் பாதைக்காரி முன்னே போனாள். நாஷிதா காலை வேகமாக அடித்தாள். இங்கே அலை இல்லை, இழுக்கும் நீரோட்டம் இல்லை. கைக்கு எட்டியதெல்லாம் பின்னால் போனது.

சுவர் வந்தது. உடம்பைச் சுருட்டிப் புரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தாள். வலிக்கவில்லை. வழவழவென்று இருந்தது. அந்த உதையிலேயே பக்கத்துக்காரியைத் தாண்டிவிட்டாள். அதன்பிறகு அவளுக்கு முன்னால் யாருடைய காலும் தெரியவில்லை.

கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தாள். பலகையில் அவள் பெயர் மேலே இருந்தது, பக்கத்தில் தேசிய சாதனைக்கான குறி. காப்பிக் கோப்பையோடு திரும்பியவர்கள் நின்று கைதட்டினார்கள்.

ரிஃபாத் துண்டோடு ஓடிவந்தார். "நம்ம நாட்டுல எந்தப் பொண்ணும் இவ்வளவு வேகமா நீந்துனதில்ல, தெரியுமா?"

"இன்னொரு தடவ நீந்தட்டுமா அண்ணே?"

"முதல்ல மூச்ச விடு, தாயி."

மற்ற சுற்றுகளில் இன்னும் வேகமாக நீந்தினார்கள்; அரையிறுதிக்கு அவள் வேகம் போதாது. ஆனாலும் அன்று இருவரும் மீனும் சோறும் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சிரித்தார்கள்.

மாலத்தீவு திரும்பியதும், தலைநகரிலிருந்து ஊருக்குப் போகிற படகில் அவளை முன்பக்கம் உட்காரவைத்தார்கள். யாரோ தேங்காய் மிட்டாய் கொடுத்தார்கள். வழியில் விடுதித் தீவின் பின்புறம் தென்பட்டதும் ரிஃபாத் வேகத்தைக் குறைத்து ஹாரனை நீளமாக அடித்தார்.

சலவைக்கூடத்தின் கதவு திறந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஓடிவந்தார்கள். துவைத்த வெள்ளை விரிப்புகளை இரண்டு இரண்டு பேராகப் பிடித்துத் தலைக்கு மேலே வீசினார்கள். "நாஷிதா, நாஷிதா" என்று கூப்பிட்டது தண்ணீர் மேல் வந்தது. அவள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

மேற்பார்வையாளர் வாசலுக்கு வந்தார். விரிப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக ஒரு புதுப்பெண், நாஷிதாவின் பழைய சீருடையில், கை வலிக்க இன்னும் வீசிக்கொண்டிருந்தாள்.