கலியாணக் காரைத் தொடும் கை

இரத்தினம்மா உட்காரக் கதிரை கேட்டபோது சுபாங்கன் வாளியைக் கீழே வைத்தான். காரை மினுக்க விட்டுவிட்டுப் போய் மாலையில் வருவதுதான் இந்தக் கடையில் வழக்கம். இந்த அம்மா போகிற ஆளாகத் தெரியவில்லை. கொட்டகைக்குள் மின்விசிறிக்கு நேரே கதிரையைப் போடுவித்து, கலியாணச் சாமான் பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் கழுத்தை ஒற்றினார்.

“மோன் கலியாணக் கோட்டு எடுக்க ஓட்டோவிலை ரவுணுக்குப் போயிட்டான். அவன் வருமட்டும் நான் இதிலை இருக்கிறன். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ.”

மகன் லக்ஷன் கனடாவிலிருந்து வந்து நிற்கிறான். வெள்ளிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளைக் காராக ஓடப்போகும் கறுப்பு வெசல் கொட்டகையின் நடுவில் நின்றது. இங்கே மினுக்கி முடிந்ததும் நேரே பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விக்க வேண்டும் என்பது அம்மாவின் திட்டம்.

“கறுப்பு வேண்டாமெண்டு தலையாலை அடிச்சனான். மாமான்ரை கார், சும்மா கிடைக்குது எண்டான். சும்மா கிடைச்சால் கனடாக்காரருக்குக் கறுப்பும் வெள்ளைதான்.”

றிஷாத் சிரித்தான். கடை அவனுடையது. சுபாங்கனைவிட ஆறேழு வயது இளையவன். அவனுடைய வாப்பா தாஹிர் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஒரு பையோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். றிஷாத் புத்தளத்தில் பிறந்து, டோகாவில் கார் மினுக்கும் தொழிலைப் பழகி, திரும்பி வந்து அரியாலையில் வீதியோரமாக இந்தக் கொட்டகையைப் போட்டிருந்தான்.

“தம்பி, கோயிலுக்குப் போற கார் இது.” அம்மா குரலைத் தாழ்த்தினார். “ஆர் கை வைக்கிறது?”

“எங்கடை கம்பஸ் அண்ணைதான் அம்மா. உங்கடை ஆள். நான் தள்ளி நிண்டு வாயாலை மட்டும்தான் மினுக்குவன்.”

“சீச்சீ, நான் உம்மைச் சொல்லேல்லை. செத்த வீடு, துடக்கு, அப்பிடி ஆரும் நிண்டால்... கலியாணக் கார் பாரும்.”

“அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா. அண்ணை சுத்தம்.”

சுபாங்கன் வாளிக்குள் குனிந்து துணியைப் பிழிந்தான். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தான்.

மார்கழி மழையில் வந்த காய்ச்சலில் அவன் மனைவி கஜந்தினி செத்துப்போனாள். வருடம் இன்னும் திரும்பவில்லை. முதல் வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை அவன் கலியாண வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இது எதுவும் றிஷாத்துக்குத் தெரியாது. வேலை பழக வந்த முதல் நாள் “கலியாணம் கட்டியாச்சோ அண்ணை?” என்று கேட்டான். “இல்லை” என்று வந்துவிட்டது. வந்ததை சுபாங்கன் திருப்பி எடுக்கவில்லை.

சொந்த ஊரான மானிப்பாயில் அவனைக் கண்டால் தேத்தண்ணிக் கடைக்காரரும் குரலைத் தாழ்த்துவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விடுவார். இங்கே யாரும் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. “கம்பஸ், வாளியை எடுங்கோ” என்கிறார்கள். அவன் எடுக்கிறான். புவியியலில் பட்டம் எடுத்தவன் கார் கழுவப் போகிறான் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும். அரச நியமனம் வருகிறபோது வரட்டும். அவனுக்கு இந்த ஒரு இடம் வேண்டும்.

அது இன்று முடிவாகும். நேற்று றிஷாத் சொல்லியிருந்தான்: “இந்தக் காரை நீங்கள் தனிய முடிச்சுக் காட்டுங்கோ. பழகினது காணும். இனிக் கலியாணக் கார், கோயில் கார் எல்லாம் உங்கடை பொறுப்பு. ஆக்கள் என்னட்டை முகத்துக்கு நேரை ஒண்டும் சொல்லமாட்டினம் அண்ணை. ஆனால் வேறை கடைக்குப் போயிடுவினம். நீங்கள் நிண்டால் வருவினம்.”

ஆக, றிஷாத்துக்குத் தேவைப்பட்டது பழகிய கை மட்டும் அல்ல. குற்றம் சொல்ல முடியாத கை.

காரை நீலத் தாங்கித் தண்ணீரில்தான் கழுவினான். அரியாலைக் கிணறுகள் சவர். அந்தத் தண்ணீர் கறுப்புக் காரில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். ஆகவே அந்தத் தாங்கிக்கு நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். கழுவித் துடைத்தபின் றிஷாத் ஒரு சொப்பிங் பையை நீட்டினான்.

“கையைப் போட்டுத் தடவிப் பாருங்கோ.”

பொலித்தீனுக்குள் விரல்களை விட்டுத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத தூசும் மணல்போல நெருடும். றிஷாத்துக்கு நெருடும். சுபாங்கனுக்கு இதுவரை ஒரு காரிலும் நெருடியதில்லை. அவன் விரல்கள் காரின் முன்மூடியான பொனற்றின் மேல் போய் வந்தன. கண்ணாடிபோல இருந்தது. எல்லாமே அவனுக்குக் கண்ணாடிபோலத்தான் இருந்தது.

“தூசு கிடக்கோ?”

“கிடக்கு,” என்று பொய் சொன்னான்.

“அப்ப களியைப் போட்டு இழுங்கோ.”

களிக்கட்டியை ஈரப் பெயின்றில் இழுத்து அழுக்கை எடுத்தான். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் மெஷின் படாமல் மஞ்சள் டேப்பை ஒட்டினான். மினுக்கும் மெஷினை எடுக்கப் போகும்போது பின்னாலிருந்து முதல் கேள்வி வந்தது.

“தம்பி எந்த ஊர்?”

“மானிப்பாய் அம்மா.”

“மானிப்பாயிலை எவடம்?”

“ஆஸ்பத்திரிப் பக்கம்.”

“ஆற்றை பிள்ளை?”

“முருகேசு.”

“எந்த முருகேசு? தபால் கந்தோரிலை இருந்தவரோ?”

“இல்லை. வேறை முருகேசு.” அவன் மெஷினைப் போட்டான்.

சத்தம் கொட்டகையை நிறைத்தது. நல்ல சத்தம். அதற்குள் யாரும் கேள்வி கேட்க முடியாது. இடது கதவை முடித்தான். வலது கதவை முடித்தான். அடுத்த இடத்துக்கு மினுக்கும் மருந்து பூச மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திய உடனே அம்மாவின் குரல் தயாராக நின்றது. இம்முறை அவர் றிஷாத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

“கம்பஸ் எண்டது பகிடிக்கோ, உண்மையாய்ப் படிச்சவரோ?”

“உண்மையாய்த்தான். பட்டதாரி. குடி, வெறி ஒண்டும் இல்லை. கலியாணமும் இன்னும் கட்டேல்லை.” றிஷாத் அவனைப் பார்த்துக் கண்ணடித்தான். உதவி செய்கிற முகம் அவனுக்கு.

“அப்பிடியோ?” அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பி, என்ரை தங்கச்சிக்கு ஒரு பெட்டை இருக்கிறாள். பிரியந்தினி எண்டு. ரீச்சர். நல்ல நிறம். வாய்தான் கொஞ்சம் கூட, அது என்ரை பக்கத்தாலை வந்தது.”

“எனக்கு இப்ப யோசினை இல்லை அம்மா.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. உவன் லக்ஷனும் போன வருசம்வரைக்கும் யோசினை இல்லையெண்டவன். இப்ப பாரும், கோட்டு அளவில்லையெண்டு அழுறான்.” அவர் பைக்குள் கையை விட்டுத் தொலைபேசியை எடுத்தார். “மானிப்பாயிலை என்ரை மச்சாள் இருக்கிறா. அவவுக்குத் தெரியாத வீடு இல்லை. ஒருக்கால் கேட்டால் முடிஞ்சுது.”

“அம்மா, வேண்டாம்.”

“நீர் ஏன் வெக்கப்படுறீர்? வேலையைப் பாரும்.”

சுபாங்கன் வேலையைப் பார்த்தான். பொனற்றில் மருந்தைப் பூசி, மெஷினை வைத்து அழுத்தினான். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்து மற்றக் காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. முருகேசுவின்ரை மோன். ஆஸ்பத்திரிப் பக்கமாம். ஓம், கம்பஸ் முடிச்சவராம். வாயின் அசைவுக்கு அவனே சொல் போட்டான். முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் சிரிப்பு இருந்தது. மச்சாளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வேறு முருகேசு என்று நினைத்திருக்கலாம். தலையாட்டுகிறார். சிரிப்பு இருக்கிறது. இருக்கிறது.

பிறகு சிரிப்பு இல்லை.

மூக்கில் ஏதோ எரிந்தது. குனிந்து பார்த்தான். மெஷின் பொனற்றின் மடிப்பில் நின்றுகொண்டிருந்தது. ஓட வேண்டிய மெஷின் ஒரே இடத்தில் நின்று சுழன்றுகொண்டிருந்தது. டேப் சுருண்டு ஒரு பக்கம் போயிருந்தது. ‘நிண்டால் எரிச்சுப் போடும்’ என்று றிஷாத் வாய் ஓயாமல் சொன்னது இதைத்தான்.

மெஷினை நிறுத்தித் துணியால் துடைத்தான். சுண்டுவிரல் நகத்தளவு. கறுப்பு போய் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. பொனற்றுக்குச் சரி நடுவில், எல்லாருடைய கண்ணும் முதலில் போகிற இடத்தில்.

“ஓ... ஓ... நான் பிறகு எடுக்கிறன் மச்சாள்.” அம்மா தொலைபேசியை மடியில் வைத்தார்.

வாயைத் திறக்கப்போனார். அதற்கு முன் சுபாங்கன் திரும்பி நின்றான்.

“றிஷாத், இஞ்சை வந்து பாருங்கோ. பெயின்ற் எரிஞ்சு போச்சு. நான்தான் எரிச்சனான்.” அவன் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. “மற்றது, நான் கலியாணம் கட்டினனான். மனுசி மார்கழியிலை செத்திட்டா. இன்னும் ஆட்டை திரும்பேல்லை.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. றிஷாத் முதலில் பொனற்றைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

“முதல் நாள் கேட்டனானே அண்ணை.”

“ஓம்.”

“இல்லையெண்டனீங்கள்.”

“ஓம்.”

“நான் இவ்வளவு நேரமும் அம்மாவுக்கு என்ன சொன்னனான்?” அவன் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. “என்னை நம்பி வந்தவ. இனி அவவின்ரை ஊர் சுன்னாகம் முழுக்க என்ன கதைக்கும்? தாஹிரின்ரை மோன் தெரிஞ்சுகொண்டு ஏமாத்திப் போட்டான் எண்டெல்லோ?”

சுபாங்கன் துணியைக் கீழே வைத்தான். ஏப்ரனைக் கழற்றலாமா என்று யோசித்தான். முடிச்சுப் பின்னால் இருந்தது. கை அதைத் தேடியது.

“எத்தினை வயது?” என்றார் இரத்தினம்மா.

“எனக்கோ?”

“அந்தப் பிள்ளைக்கு.”

“இருபத்தேழு.”

“பேர்?”

“கஜந்தினி.” இந்தக் கொட்டகைக்குள் அந்தப் பெயரை அவன் இதுவரை சொன்னதில்லை.

அம்மா எழுந்து வந்து காரைச் சுற்றி நடந்தார். எரிந்த இடத்தில் நின்று குனிந்து பார்த்தார். “துடக்கு முப்பத்தொண்டாம் நாளோடை போச்சு,” என்று தனக்குத்தானே கணக்குப் பார்த்தார். “ஆட்டைதான் திரும்பேல்லை. அதுக்குக் கலியாண வீட்டை வரக் கூடாது. காரைத் துடைக்கலாமோ கூடாதோ எண்டு ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. முந்தி எங்களிட்டைக் காரும் இல்லை.” பெருமூச்சு விடுவாரென்று சுபாங்கன் காத்திருந்தான். அவர் விடவில்லை. “எனக்கு உம்மிலை கோவம் ஒண்டும் இல்லை தம்பி. ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பிழை நடந்தாலும் எல்லாரும் என்னைத்தான் பாப்பினம். கறுப்புக் காரை விட்டவள் எண்டு ஏற்கனவே பாக்கினம்.”

அவர் கலியாணச் சாமான் பைக்குள் துழாவி மஞ்சள் தூள் பைக்கற்றை எடுத்தார். “ஒரு வாளியிலை நல்ல தண்ணி தாருங்கோ. பின்னுக்கு மாமரம் நிக்குதெல்லோ, ஒரு கொத்து முறியுங்கோ.”

“அம்மா, பொலிஷ் பண்ணின பெயின்ற்!” றிஷாத் பதறினான். “மஞ்சள் காய்ஞ்சால் பிடிச்சுப் போடும்.”

“காயமுதல் துடையுங்கோவன். ரெண்டு ஆம்பிளையள் நிக்கிறியள்.”

மாவிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, அவர் காரின் நான்கு பக்கமும் தெளித்தார். பொனற்றில் இரண்டு தரம். பிறகு கொத்தை மறுபடி தோய்த்துக்கொண்டு சுபாங்கனுக்கு முன்னால் வந்தார். கேட்கவில்லை. அவன் தலையிலும் தெளித்தார். தண்ணீர் நெற்றியால் இறங்கிக் கண்ணுக்குள் போனது. எரிந்தது.

“முடிஞ்சுது. இனி ஆர் கை வைச்சாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தப் புண்ணிலை சந்தனத்தை அப்பிப் பூவை ஒட்டினால் வெள்ளிக்கிழமை சமாளிக்கலாம். கலியாணம் முடியட்டும், அதுக்குப் பிறகு பெயின்ற் கதையைக் கதைப்பம். விடுவன் எண்டு மட்டும் நினையாதேங்கோ.” கதிரைக்குப் போனார். “ரீச்சர்ப் பெட்டையைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை, சரியோ? அதை மறந்து போங்கோ.”

வெயில் கொட்டகைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் துளிகளின் ஓரம் உலரத் தொடங்கியது. சுபாங்கன் துணியை எடுத்தான். எடுத்த பிறகுதான், எடுக்கலாமா என்று தெரியாமல் நின்றான்.

றிஷாத் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தான். அவன் முகம் இன்னும் இளகவில்லை. “தேய்க்காதேங்கோ. தூள் கீறும். முதல் தண்ணி அடிப்பம்.”

அவன் தண்ணீரை அடிக்க, சுபாங்கன் பின்னால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தான். கூரையும் கதவுகளும் பொனற்றும் கறுப்பாக வந்தன. நடுவில் அந்தச் சாம்பல் புள்ளி மட்டும் அப்படியே நின்றது.

சொப்பிங் பையைத் தேடி எடுத்துக் கையைப் போட்டான். பொனற்றின் ஓரமாகத் தடவினான். கண்ணாடி. இன்னும் கொஞ்சம் கீழே தடவினான். விரலில் ஏதோ நெருடியது. மிகச் சிறியது. திரும்பப் போய்த் தடவினான். அங்கேதான் இருந்தது.

“இஞ்சை இன்னும் கிடக்கு,” என்றான்.

றிஷாத் அவன் கையிலிருந்த பையை வாங்கித் தன் கையில் மாட்டி அதே இடத்தைத் தடவிப் பார்த்தான். நேரம் எடுத்தான்.

“ஓம்,” என்றான். “கிடக்கு. களியை எடுங்கோ அண்ணை.”