நொடிக்கு ஒரு குமிழி

இரண்டு காலி சோடா பாட்டில்கள். ஒன்றில் சிட்ரிக் ஆசிட் கரைசல், மற்றதில் சமையல் சோடா. மூடிகளைத் துளைத்து, ட்யூப் சொருகி, கசியாமல் பசை வைத்து அடைக்க நர்ஸுக்கு மூன்று விடுமுறை நாட்கள் போயின. இரண்டும் கலந்து வரும் கரியமில வாயு, மீன்தொட்டியில் இருக்கும் செடிகளுக்கு. அளவு பார்க்க, மருந்துக்கடையில் புது டிரிப்ஸ் ட்யூப் வாங்கி மாட்டினாள். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை உருட்டி, நொடிக்கு ஒரு குமிழி என்று வைத்தாள். வார்டில் நாளெல்லாம் சொட்டு எண்ணுகிறவளுக்கு இது கைவந்த வேலை. சோர்ந்து கிடந்த செடிகள் ஒரே மாதத்தில் தழைத்துவிட்டன.

கணவனிடம் முதல் நாளே சொன்னாள். "இது காத்து இல்லைங்க. செடிக்குச் சாப்பாடு. அளவு மீறினா மீனுக்கு மூச்சு முட்டும். ரோலரைத் தொடாதீங்க."

"ம்" என்றான். அந்த "ம்" எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எட்டு வருடமாகத் தெரியும் என்பதால், இன்னும் இரண்டு தரம் சொன்னாள். அவனோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மீனுக்கு ஆக்சிஜன் வெச்சிருக்கோம்" என்று அளந்துகொண்டிருந்தான். இதையே அவன் கூட்டாளி ஒல்லி சொல்லியிருந்தால் மறுபேச்சு இருக்காது. ஒல்லி சொன்னான் என்று மீசையையே எடுத்தவன் அவன்.

அன்று வார்டில் ஒரு நோயாளியின் மருமகன், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமென்று டிரிப்ஸ் ரோலரை முழுக்கத் திறந்துவிட்டிருந்தான். கத்த முடியாது, அங்கே சிரித்த முகமாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த எரிச்சலோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தொட்டியில் குமிழி உலைபோலக் கொதிக்கிறது. பன்னிரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"ஒல்லி பாக்க வந்தான், கொஞ்சம் கூட்டி வெச்சேன்" என்றான் கணவன். "அதுங்களுக்குப் பசி போல. ரெண்டு தரம் தீனி போட்டுட்டேன்."

ரோலரை அடைத்தாள். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, மாற்றுவதற்கென்று வாளியில் எடுத்து வைத்திருந்த தண்ணீரை, காற்று கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றினாள். ஒன்பது பிழைத்தன.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நீ எங்க சொன்னே?"

செத்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள், வார்டில் அடக்கிவைத்த குரலையும் சேர்த்து. அவன் தலையைத் தலையை ஆட்டினான். அதற்குள் போன் அடித்தது.

"ஒண்ணுமில்லடா ஒல்லி. ஆக்சிஜன் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சாம்."

போனைப் பிடுங்கினாள். "அண்ணா, அது ஆக்சிஜன் இல்ல, கரியமில வாயு. செடிக்குக் குடுக்கிறது. நீங்க பாத்துட்டுப் போனதுல மூணு மீன் செத்துப்போச்சு. இதை இவர்கிட்ட நீங்களே ஒரு தரம் சொல்லிடுங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கணவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கண் விரிந்தது.

"அப்படியாடா?" என்றான். "இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அந்தப் போனைத் தொட்டிக்குள் போடத்தான் அவளுக்குக் கை பரபரத்தது. உள்ளே இருக்கிற ஒன்பதும் இன்றைக்குப் பட்டது போதும் என்று விட்டாள்.